நிறமும் அழகும்: குழந்தைகளிடம் கற்க வேண்டிய பாடம்

அழகு இன்னதென்று நம் ஜனங்களில் எவரைக் கேட்டாலும், வேறெதையும் சொல்வதற்கு முன் "நல்ல சிவப்பு" என்கின்ற பதில்தான் வரும். மூக்கும் முழியும் எப்படி இருந்தாலும், குணமும் நடத்தையும் எப்படி இருந்தாலும், தோல் மாத்திரம் வெளுத்திருந்தால் அது அழகு. தோல் கறுத்திருந்து மற்றதெல்லாம் நன்றாயிருந்தாலோ, "இருந்தாலும்" என்று ஒரு வார்த்தையை நடுவில் போட்டுத்தான் பேசுவார்கள். "கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்" என்பதே நம் நாட்டில் ஒரு கறுத்த பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு. இந்த "இருந்தாலும்" என்பதற்கு என்ன அர்த்தம்? கறுப்பு ஒரு குற்றம், அந்தக் குற்றத்தைப் போனால் போகட்டும் என்று மன்னித்து இவளை ஒப்புக்கொள்ளுகிறோம் என்பதுதானே? சிவந்த பெண்ணைப் பார்த்து, "சிவப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்" என்று எவராவது சொல்லக் கேட்டதுண்டா?

இந்த விஷயத்தில் பெரியவர்களுக்குப் புத்தி சொல்லத் தகுந்தவர்கள் பண்டிதர்களுமல்ல, கவிராயர்களுமல்ல, மடாதிபதிகளுமல்ல. இன்னும் நம்மிடம் பாடம் படிக்காத சின்னஞ்சிறு குழந்தைகள்தான் என்பது நமது அபிப்பிராயம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நமது சொந்த வீட்டில் நாமே செய்த தப்பிதத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் சொல்லுகிறோம். ஊராருக்குப் புத்தி சொல்லப் புறப்படுகிறவன் முதலில் தன் வீட்டுக் குப்பையை வாசலில் கொட்டிக் காட்டுவதுதானே யோக்கியமான காரியம்?

நம் வீட்டில் நடந்தது

நமக்குப் பெண் குழந்தைகள் இரண்டு. மூத்தவள் தாயைப் போல் வெளுப்பு. இளையவள் நம்மைப் போல் கறுப்பு. இளையவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்த நமது மாமியார், அதன் காது மடலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நிறம் உங்களைக் கொண்டு போயிடுச்சு" என்று வருத்தத்தோடு சொன்னார். பகுத்தறிவு பேசி மேடையேறுகின்ற நாம் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கறுப்பாயிருந்தால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்டிருக்க வேண்டும். நாம் சொன்னதோ, "போகப்போக வெளுத்துவிடும்" என்பதுதான். அது ஏன் வெளுக்க வேண்டும் என்று நமக்கே அப்போது தோன்றவில்லை. பிறந்த குழந்தையின் நிறம் முதல் சில மாதங்களில் கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது என்பதும் அப்போது நமக்குத் தெரியாது. ஆகவே மூடத்தனமும் அறியாமையும் ஒரே வாக்கியத்தில் நமது வாயிலிருந்து வந்தன.

குழந்தைக்கு மூன்று வயதாகி அங்கன்வாடிக்குப் போய்வந்துகொண்டிருந்த சமயம் வீட்டில் ஒரு விசேஷம். பட்டும் நகையுமாகப் பெண்கள் கூடியிருந்தார்கள். நமது அக்காள் குழந்தையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஏண்டி கண்ணு, உனக்குத் தெரிஞ்சவங்கள்ளயே யாரு அழகு?" என்று கேட்டார். பட்டுப் புடவைக்காரர்களில் ஒருவரைக் காட்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குழந்தை கொஞ்சமும் யோசிக்காமல், "ஆயா" என்றது. ஆயா என்பவர் அங்கன்வாடியில் சோறாக்கிப் போடுகிற அம்மாள். வயதானவர், நல்ல கறுப்பு, முன்பல் இரண்டு கிடையாது. "ஆயாவா அழகு?" என்று கேட்டதற்கு, "ஆயாதான் முட்டைய உரிச்சுக் குடுக்கும். தூங்கறப்ப தட்டிக் குடுக்கும்" என்று குழந்தை காரணமும் சொன்னது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

இரண்டரை வருஷம் கழித்து, குழந்தை ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது, அதே அக்காள் பழைய வேடிக்கையை நினைத்துக்கொண்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்தத் தடவை குழந்தை உடனே பதில் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு நகைக்கடைக் காலண்டரைப் பார்த்தது. அதிலிருந்த, மெழுகு போல் வெளுத்த பொம்பளையைக் காட்டியது. "ஏன், ஆயா அழகில்லையா?" என்று கேட்டார் அக்காள். "ஆயா கறுப்பு" என்றது. பிறகு கொஞ்சம் பொறுத்து, நம் முகத்தைப் பார்க்காமல், "நானும் கறுப்பு" என்றது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

விசாரித்துப் பார்த்ததில், பல மாதங்களாகவே அந்தக் குழந்தை காபியைத் தொடுவதில்லை என்று தெரிய வந்தது. "காபி குடிச்சா கறுத்துப் போயிடுவே" என்று அம்மாயி விளையாட்டாகச் சொன்னதை அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் நின்று, கையிலும் கழுத்திலும் கொட்டிக்கொள்வதும் தெரிந்தது.

நாம் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த இரண்டரை வருஷத்தில் மாறினது என்ன? ஆயா மாறவில்லை. அவர் இப்போதும் வேறு குழந்தைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். குழந்தையின் கண் மாறவில்லை. மாறினது ஒன்றே ஒன்று. முன்னே அதற்குத் தெரியாதிருந்த ஒரு பாடத்தை நாம் எல்லாரும் சேர்ந்து அதற்குக் கற்பித்துவிட்டோம்.

நிறம் தெரிவது வேறு, விலை வைப்பது வேறு

"குழந்தைக்கு நிறமே தெரியாது, அதனால்தான் அப்படிச் சொல்லிற்று, வயதானதும் தானாகவே தெரிந்துகொண்டது. இதிலே கற்பித்தது எங்கே வந்தது?" என்று சிலர் கேட்கலாம். இது தப்பு. குழந்தைக்கு நிறம் தெரியாது என்று நாம் சொல்லவில்லை. சிவப்பு மிட்டாய்க்கும் பச்சை மிட்டாய்க்கும் வித்தியாசம் கண்டு அழுது வாங்குகிற குழந்தைக்கு மனிதனுடைய நிறம் மட்டும் தெரியாமற் போகுமா? நிறம் தெரியும், ஆனால் அந்த நிறத்துக்கு ஏற்றம் தாழ்வு என்ற விலை வைக்கத் தெரியாது.

இதை மேல்நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் பரீட்சை செய்தே பார்த்திருக்கிறார்கள். 2005-இல் இங்கிலாந்தில், பிறந்து சில நாட்களே ஆன வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் பல இனத்தாரின் முகப்படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, எதை அதிக நேரம் பார்க்கின்றன என்று அளந்தார்கள். எந்த இனத்து முகத்தையும் அவை விசேஷமாகப் பார்க்கவில்லை. மூன்று மாதமான குழந்தைகளோ தங்கள் இனத்தார் முகத்தை அதிக நேரம் பார்த்தன. உடனே, "பார்த்தீர்களா, இனப்பற்று இரத்தத்திலேயே இருக்கிறது" என்று சிலர் துள்ளக்கூடும். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2006-இல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சி அதற்கும் பதில் சொல்லிவிட்டது. அதுவும் மூன்று மாதக் குழந்தைகளை வைத்தே செய்யப்பட்டது. இஸ்ரேல் தேசத்தில் வெள்ளை முகங்களுக்கு நடுவே வளர்ந்தவை வெள்ளை முகத்தை அதிகம் பார்த்தன. எத்தியோப்பியாவில் கறுத்த முகங்களுக்கு நடுவே வளர்ந்தவை கறுத்த முகத்தை அதிகம் பார்த்தன. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறியவர்களின் குழந்தைகள், இரண்டு நிறத்தாரையும் தினம் தினம் பார்த்து வளர்ந்தவை. அவை எந்தப் பக்கமும் சாயவில்லை.

இதிலிருந்து ஏற்படுவதென்ன? குழந்தையின் கண் போவது பழகின முகத்தின் மேல். தூக்குகிற கை, பாலூட்டுகிற முகம், தட்டிக் கொடுக்கிற குரல் எதுவோ அதுதான் அதற்கு இனியது. அப்படியானால் கறுத்த தாயின் மடியில், கறுத்த பாட்டியின் தோளில், கறுத்த ஆயாவின் கையில் வளருகிற நம் நாட்டுக் குழந்தைக்கு இயற்கையாக எந்த முகம் அழகாய்த் தோன்ற வேண்டும்? கறுத்த முகமேயல்லவா? "வெளுப்பை விரும்புவது மனித சுபாவம்" என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். சுபாவத்தின்படி விட்டிருந்தால் நமது குழந்தைகளுக்கு நாமல்லவா அழகாயிருந்திருப்போம்? அது தலைகீழாகப் போயிருக்கிறதென்றால், யாரோ தலைகீழாகப் புரட்டினார்கள் என்றுதானே அர்த்தம்?

பொம்மை சொன்ன சாட்சி

புரட்டுவது எவ்வளவு சின்ன வயதிலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதை அமெரிக்காவில் ஒரு புருஷனும் மனைவியும் உலகத்துக்குக் காட்டினார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற அந்த இருவரும் கறுப்பின மக்களிலே தோன்றி மனோதத்துவம் படித்தவர்கள். 3 வயது முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளுக்கு முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சு; நிறத்திலும் தலைமயிரிலும் மட்டுமே வித்தியாசம். சில பொம்மைகள் வெள்ளை, சில பழுப்பு. "உனக்கு விளையாட எது வேண்டும்?", "நல்ல பொம்மை எது?", "பார்க்க மோசமாயிருப்பது எது?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார்கள். விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 100-க்கு 67 பேர். நல்லது வெள்ளைதான் என்றவர்கள் 100-க்கு 59 பேர். பழுப்புப் பொம்மைதான் மோசம் என்றவர்களும் 100-க்கு 59 பேர். கடைசியில், "உன்னைப் போல் இருப்பது எது?" என்று கேட்டார்கள். சற்று முன்பு எந்தப் பொம்மையை மோசம் என்றார்களோ, அதையே எடுத்துக் கொடுக்க வேண்டிய நிலையில் அந்தக் குழந்தைகள் நின்றார்கள். சில குழந்தைகள் அழுதுகொண்டு அந்த இடத்தைவிட்டே ஓடிவிட்டன.

தோழர்களே, நம் வீட்டுக் குழந்தை நம் முகத்தைப் பார்க்காமல் "நானும் கறுப்பு" என்று சொன்னதும், அந்தக் குழந்தைகள் அழுதுகொண்டு ஓடியதும் ஒன்றுதானா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆராய்ச்சி 1947-இல் அச்சாயிற்று. 17-5-1954-இல், வெள்ளைக் குழந்தைகளையும் கறுப்பினக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளிக்கூடங்களில் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பிரித்து வைப்பதால் குழந்தையின் மனதில் தாழ்வெண்ணம் உண்டாகிறது என்பதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆராய்ச்சிகளில் கிளார்க்கின் ஆராய்ச்சியும் ஒன்று. ஆனால் இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்குப் பக்கத்தில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகளும் பெரும்பாலும் வெள்ளைப் பொம்மையைத்தான் எடுத்தார்கள். ஆகவே பள்ளிக்கூடத்துச் சுவரை இடித்தது அவசியமே என்றாலும், அது மாத்திரம் போதாது. வீதியிலும், கடையிலும், படத்திலும், வீட்டுப் பேச்சிலும் நிற்கிற சுவரையும் இடித்தாக வேண்டும்.

அமெரிக்காவில் வெள்ளையன் கறுப்பனைத் தள்ளி வைத்தான். அதற்காவது ஒரு எதிரி உண்டு. எதிர்த்துப் போராட ஒரு இடமும் உண்டு. நம் நாட்டிலோ ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களை, ஒரே தாழ்வாரத்தில் உட்கார வைத்து நாமே பிரிக்கிறோம். கறுத்த தாய் கறுத்த மகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இதற்கு எந்தக் கோர்ட்டில் போய்ப் பிராது கொடுப்பது?

பாடம் நடத்தும் வாத்தியார்கள்

இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் யார் யார் என்று கொஞ்சம் கவனிப்போம்.

முதல் வாத்தியார் குங்குமப்பூ. குழந்தை பிறப்பதற்கு முன்பே இவர் பாடம் தொடங்கிவிடுகிறார். கிராம் பல நூறு ரூபாய் விற்கிற குங்குமப்பூவைக் கடன் வாங்கியாவது கர்ப்பிணிக்குப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் தோலைப் பாலில் கலந்த பூ சாயம் போட்டுவிடுமா? நிறம் என்பது தாய் தகப்பன் வழியாக வருகிற மரபணுக்களின் விஷயம். பூவினால் மாறுமென்றால், பீட்ரூட் தின்றவள் பிள்ளை பீட்ரூட் நிறத்தில் அல்லவா பிறக்க வேண்டும்? அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் கீரையும் வாங்கிக் கொடுத்தால் தாயும் பிழைப்பாள், பிள்ளையும் எடையோடு பிறக்கும்.

இரண்டாவது வாத்தியார் வீட்டுப் பேச்சு. "கறுப்பி", "காக்கா" என்பதைச் செல்லப் பெயர் என்கிறோம். வெயிலில் விளையாடாதே, கறுத்துவிடுவாய் என்கிறோம். அதுவும் ஆண் பிள்ளையைவிடப் பெண் பிள்ளையிடமே அதிகம் சொல்லுகிறோம். திருஷ்டி படாமலிருக்கக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோமே, அதன் கருத்து என்ன? அழகைக் கெடுப்பதற்குக் கறுப்பு வேண்டும் என்பதுதானே?

மூன்றாவது வாத்தியார் பள்ளிக்கூடம். ஆண்டு விழாவுக்கு வரும் பிரமுகருக்குப் பூச்செண்டு கொடுக்க எந்தப் பிள்ளையை நிறுத்துகிறார்கள், நாடகத்தில் ராணி வேஷம் எந்தப் பிள்ளைக்கு, அரக்கி வேஷம் எந்தப் பிள்ளைக்கு என்று அடுத்த தடவை போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள். குழந்தைகளின் வர்ணப் பெட்டியில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும். அதைப் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்கிறார்கள். யாருடைய ஸ்கின்? கேட்கிற பிள்ளையின் கையும், கொடுக்கிற பிள்ளையின் கையும் அந்த நிறத்தில் இல்லையே! அமெரிக்காவில் பிரபலமான ஒரு வர்ணக் கம்பெனி, "சதை நிறம்" என்று தான் வைத்திருந்த பெயரை 1962-இலேயே மாற்றிவிட்டது. நாம் இன்னும் பிள்ளைகளின் வாயில் அதைத் திருத்தவில்லை.

நான்காவது வாத்தியார் வியாபாரி. "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற களிம்பு 1975-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. வெளுப்பும் அழகும் ஒன்றே என்பது அதன் பெயரிலேயே இருந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்கமாட்டான், களிம்பு பூசினால் இரண்டும் கிடைக்கும் என்பதையே கதையாக வைத்து வருஷக்கணக்காக விளம்பரம் செய்தார்கள். 2020-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசாரால் கொல்லப்பட்டு, அங்கே பெருங்கிளர்ச்சி எழுந்து உலகமெல்லாம் பரவிய பிறகுதான், அந்தப் பெயர் "க்ளோ அண்ட் லவ்லி" என்று மாறிற்று. அங்கே ஒரு உயிர் போக வேண்டியிருந்தது, இங்கே ஒரு டப்பாவின் பெயர் மாறுவதற்கு! பெயர் மாறிற்று, வாங்குகிறவர்களின் ஆசை மாறிற்றா? இன்னும் மட்டமான களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்திருப்பதும், வைத்தியர் சொல்லாமல் ஸ்டீராய்டு களிம்பைப் பூசிப் பூசித் தோல் மெலிந்து கெட்டுப் போகிறவர்கள் இருப்பதும் தெரிந்த விஷயங்கள்.

சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன நோய்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுவார்கள். அவன் இந்த நோயை வளர்த்தான் என்பது உண்மைதான். ஆனால் அவன் கப்பலேறியது 1947-இல். களிம்பு வந்தது 28 வருஷம் கழித்து. அதை வாங்கும்படி எந்தத் துரை வந்து துப்பாக்கியைக் காட்டினான்? அன்றியும், வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்று பொருள் வைத்து மனிதனைப் பிரித்த தேசம் இது. கறுத்த மேல்ஜாதிக்காரனையும் சிவந்த கீழ்ஜாதிக்காரனையும் நம்பாதே என்று ஒரு பழமொழி இங்கே உண்டு. அதைச் சொன்னவன் தன்னையறியாமல் ஒரு உண்மையைக் கக்கிவிட்டான்: மேல்ஜாதியில் கறுத்தவர்களும் கீழ்ஜாதியில் சிவந்தவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள், ஜாதிக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்பதே அது.

தோலின் கணக்கு

தோலின் நிறம் என்பதுதான் என்ன? தோலில் நிறமி உண்டாக்குகிற உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்குகிற மெலனின் என்ற பொருளின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். சூடான வெயில் விழுகிற பூமியில் அந்த வெயிலின் கெடுதலிலிருந்து உடம்பைக் காப்பதற்கு அது அதிகம் தேவை. வெயில் குறைந்த பூமியில், கிடைக்கிற கொஞ்ச வெயிலைக்கொண்டு வைட்டமின் டி தயார் செய்துகொள்வதற்கு அது குறைந்திருப்பது சௌகரியம். அவ்வளவுதான் சங்கதி. மழைக்குக் குடை பிடிக்கிறவனைப் பார்த்து மட்டமானவன் என்பதும், வெயிலுக்குக் கறுத்த தோலைப் பார்த்து அவலட்சணம் என்பதும் ஒரே அறிவுதான்.

பெண் கொடுக்கும் அபராதம்

இந்த மூடத்தனத்துக்கு அபராதம் கட்டுகிறவர்கள் யார் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு அக்கிரமம் இருக்கிறது. ஆண் கறுத்திருந்தால் "ஆம்பளைக்கு நிறம் எதற்கு?" என்கிறார்கள். சினிமாவில் கதாநாயகன் கறுத்திருக்கலாம். கதாநாயகி மட்டும் வடக்கேயிருந்தாவது வெளுப்பாக வந்தாக வேண்டும். தார் போல் கறுத்த மாப்பிள்ளை "சிவப்பான பெண் தேவை" என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறான், யாரும் சிரிப்பதில்லை. வரதட்சணை வாங்குவது குற்றம் என்று 1961-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் பெண்ணின் நிறம் கொஞ்சம் குறைந்தால் பவுன் கொஞ்சம் கூடுகிறது. ஆணுடைய கறுப்புக்கு விலையில்லை, பெண்ணுடைய கறுப்புக்குத் தராசு வைத்து நிறுக்கிறார்கள் என்றால், இது அழகைப் பற்றிய விஷயமா, பெண்ணைச் சரக்காக்கி விலை பேசுகிற விஷயமா?

இன்னொரு வேடிக்கை. கருங்கல்லில் அடித்து, எண்ணெய் தடவித் தடவி இன்னும் கறுப்பாக்கின சிலைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுத்தவன் என்று அர்த்தம். அந்தப் பெயரை மகனுக்கு வைத்துக்கொண்டு, அவனுக்குக் கறுத்த பெண் வேண்டாமென்று திரும்பி வருகிறார்கள். கல் கறுத்திருந்தால் தெய்வம், பெண் கறுத்திருந்தால் கழிவு என்பது எந்தச் சாஸ்திர நியாயம்?

"அழகை விரும்புவது அவரவர் இஷ்டம், அதிலே நீர் என்ன தலையிடுவது?" என்பார்கள். இஷ்டம் என்பது அவனவன் தானாகக் கண்டுபிடித்ததாயிருந்தால் ஊருக்கு ஒரு மாதிரி, ஆளுக்கு ஒரு மாதிரி இருக்க வேண்டும். ஒரு தேசத்துக்காரர் பெரும்பாலோருக்கும் ஒரே இஷ்டம், அதுவும் தங்கள் நிறத்தையே இழிவாக நினைக்கிற இஷ்டம் இருக்கிறதென்றால், அது இஷ்டமல்ல, புகட்டப்பட்ட பாடம் என்றுதான் நாம் சொல்லுகிறோம். நாம் வெளுப்பை அசிங்கம் என்று சொல்லவும் வரவில்லை. அது இந்தப் புரட்டை மறுபக்கம் புரட்டுவதாகும். நமது மூத்த பெண்ணும் நமது பெண்தானே! நாம் கேட்பதெல்லாம் நிறத்தைத் தராசிலிருந்து இறக்குங்கள் என்பதுதான்.

செய்ய வேண்டியவை

வெறும் பேச்சோடு நில்லாமல் நம் தோழர்கள் தங்கள் வீட்டில் உடனே செய்யக்கூடிய காரியங்கள் சிலவற்றைச் சொல்லுகிறோம்.

1. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் "என்ன நிறம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தாய் எப்படி இருக்கிறாள்? பிள்ளை என்ன எடை?" என்று கேளுங்கள்.

2. கறுப்பி, வெள்ளச்சி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

3. "கறுப்பாயிருந்தாலும்" என்று வாயில் வந்தால், அந்த "இருந்தாலும்" என்பதை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.

4. காபி, வெயில், குங்குமப்பூ ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்துவதையும் ஏமாற்றுவதையும் விடுங்கள். காபி குழந்தைக்கு வேண்டாமென்றால் தூக்கம் கெடும் என்ற உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள்.

5. ஜாதகத்தோடு போட்டோ கேட்டு வருகிறவன் "இன்னும் கொஞ்சம் வெளுப்பாயிருந்தால்" என்று இழுத்தால், "வழி அந்தப் பக்கம்" என்று காட்டுங்கள். படம் எடுக்கிறவரிடம் "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்கிற தகப்பன், தன் மகளை மகளென்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவன் என்றே நாம் கருதுகிறோம்.

நமது இளைய மகளிடம் நாம் தப்பை ஒப்புக்கொண்டோம். "நிறத்தைப் பற்றி அப்பா சொன்னதும் தப்பு, அம்மாயி சொன்னதும் தப்பு" என்று சொன்னோம். அது கேட்டுக்கொண்டது. ஆனாலும் பவுடர் டப்பாவின் பக்கம் போவது இன்னும் முழுவதும் நின்றபாடில்லை. இரண்டரை வருஷமாக ஊரே கூடி நடத்தின பாடத்தை ஒரு நாள் பேச்சில் அழித்துவிட முடியுமா? அழிப்பதைவிட எழுதாமலிருப்பதே சுலபம் என்பதை இப்போது நாம் நன்றாக உணருகிறோம். அதனால்தான், நம்முடைய வெட்கத்தையும் பார்க்காமல் இதை இங்கே எழுதுகிறோம்.

வாசகர்களில் எவர் வீட்டிலாவது மூன்று வயதுக் குழந்தை இருக்குமானால் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். அதைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் அழகு என்று கேளுங்கள். அது பாட்டியைச் சொல்லலாம், பால்காரரைச் சொல்லலாம், தெருக்கூட்டுகிற அம்மாளைச் சொல்லலாம். யாரைச் சொன்னாலும் சரி, தயவு செய்து சிரிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். அது சொல்லுகிற காரணத்தை முழுவதும் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் அன்றைக்கு அப்படிக் கேட்டிருந்தால் இந்த வியாசத்தை எழுத வேண்டிய அவசியமே நமக்கு ஏற்பட்டிராது.